நிறுத்துனவங்க வந்து நடிக்கணும்

நான் வைத்திக்குப்பத்துக்காரன் கெடையாது. எனக்கு ரெட்டியார்பாளையம். பேரு முருகையன். குட்டியானை வண்டியில ஐஸ் ஏத்தியாந்து, மீன் விக்கிற பொம்பளைங்களுக்கு ஒடச்சுக் குடுக்கறது எம் பொழப்பு. தண்ணிய விக்கிற பயன்னு குப்பத்துல எல்லாரும் என்னையக் கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டும். எந்த வூட்டுக்கு மீன் வந்துச்சு, எந்த வூட்டுல ஒலை வைக்கல, எவ எவகிட்ட மூஞ்சியத் திருப்பிக்கினு போறா, எல்லாம் மொதல்ல ஐஸ்காரனுக்குத்தான் தெரியும். மீன் வந்தா ஐஸ் வாங்கித்தான் ஆவணும். வாங்கலன்னா அந்த வூட்டுல என்னமோ நடந்துபோச்சுன்னு அர்த்தம்.

கொளஞ்சி வூட்டுல கார்த்திகையிலேருந்து ஐஸ் வாங்கல.

கொளஞ்சி என் பழைய வாடிக்கை. அவ கூவுனா கவர்னர் மாளிகை வரைக்கும் கேக்கும், அப்பிடி ஒரு தொண்டை. புருசன் அருள்முருகன். அவனுக்கு ஒரே தம்பி பலராமன். பலராமன் பொண்டாட்டி சுமலதா, காலாப்பட்டுப் பக்கத்துக் குப்பத்துப் பொண்ணு. கல்யாணமாயி ரெண்டு வருசம், புள்ள இல்ல. நாலு பேரும் ஒரே வூடு, ஒரே அடுப்பு, ஒரே பைபர் படகு. அண்ணன் பின்னால இஞ்சினப் புடிப்பான், தம்பி முன்தலையில நிப்பான். ரெண்டு பேரும் கடல்ல வாயத் தொறந்து பேசிக்க மாட்டானுங்க. தம்பி கையக் காட்டுவான், அண்ணன் படக அப்பிடியே வெட்டுவான்.

கார்த்திகையில ஒருநாள், வாடைக்காத்து முறுக்கிக்கினு இருந்துச்சு. இவங்க ரெண்டு பேரும், கூட கண்ணையன் மவனுங்க ரெண்டு பேரும். கண்ணையன் மவனுங்க புதுசா கடலுக்குப் போற பசங்க. கரைக்குத் திரும்பற நேரம், அலை முறியிற எடத்துல பக்கவாட்டுல ஒண்ணு குடுத்துச்சு பாரு, படகுல பாதி தண்ணி. பலராமன் வலையோட சேந்து வெளிய போயிட்டான். நீச்சல் தெரியாதவனா? தெரியும். ஆனா வலை காலச் சுத்திக்கிச்சு. கயிறு போட்டுப் பாத்திருக்கான் அண்ணன், எட்டல. அடுத்த அலைக்குப் படகு நின்னா நாலு பேருமே போவணும். அருள்முருகன் படகத் திருப்பிட்டான். கயிறு போட்ட வரைக்கும்தான் பசங்க ரெண்டு பேரும் பாத்தானுங்க; அப்பறம் படகு அடியில குப்புறக் கெடந்தானுங்க, ஒண்ணையும் பாக்கல.

கரையில வந்து எறங்குனவன் சுமலதாவப் பாத்து ஒண்ணே ஒண்ணு சொன்னான். "தம்பிய விட்டுட்டு வந்துட்டேன்."

அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை அவன் வாயிலேருந்து வரல. போலீஸ் கேட்டுச்சு, பஞ்சாயத்து கேட்டுச்சு, கொளஞ்சி நெஞ்சுல அடிச்சுக்கினு கேட்டா. "விட்டுட்டு வந்துட்டேன்." தேடப் போன படகெல்லாம் வெறுங்கையோட வந்துச்சு. பொணம் ஒதுங்கவே இல்ல.

பொணம் கெடைக்கலன்னா அந்தக் குப்பத்துல ஒரு வழக்கம். வைக்கோல்ல ஒரு ஆள் செஞ்சு, செத்தவன் சட்டையப் போட்டுவிட்டு, அலை வர்ற எடத்துல படுக்க வச்சு, கொள்ளி போட்டுக் காரியம் செய்வாங்க. புள்ள இல்லாதவனுக்குக் கூடப்பொறந்தவன் செய்யணும். காரியம் முடியற வரைக்கும் அந்த வூட்டுப் படகு தண்ணியில எறங்கக் கூடாது. சுமலதா முடியவே முடியாதுன்னுட்டா.

தை பொறந்து ஒருநாள் காலையில நான் அவங்க வூட்டு வாசல்ல வண்டிய நிறுத்தினேன். ஐஸ் வாங்க மாட்டாங்கன்னு தெரியும். ஆனா கொளஞ்சி என்னையப் பசியோட அனுப்ப மாட்டா. பக்கத்து வூட்டுல குடுத்த நெத்திலியக் கொழம்பு வச்சு, பேக்கரி ரொட்டி ஒண்ணு நீட்டமா வாங்கி வச்சிருந்தா. ரொட்டியப் பிச்சுக் கொழம்புல தோச்சுத் தின்னா சும்மா ஜிவ்வுனு இருக்கும். எங்க பாண்டியில அதான் காலைச் சாப்பாடு.

"நீயே சொல்லுண்ணே," ன்னா கொளஞ்சி. "இவளுக்கு நான் என்னா கொறை வச்சேன்? எங்கூட்டுக் கொழம்பத் தொட மாட்டேங்கிறா. தனியாக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறா."

சுமலதா உள்ள சொவுத்தோரமா ஒக்காந்து துணிய மடிச்சுக்கினு இருந்தா. "ஒங்கமேல எனக்கு என்னாக்கா கோவம்? நீங்க பெத்த தாயாட்டம் பாத்துக்கினீங்க."

"அப்ப காரியத்துக்கு ஒத்துக்கயேன்டி. அந்தாளு மூஞ்சியப் பாத்தியா? செத்தவன் ஒருத்தன்னா இந்த வூட்டுல ரெண்டாவதா ஒருத்தன் உயிரோட செத்துக்கினு இருக்கான்."

"வைக்கோலுக்கு அவரு சட்டையப் போட்டு, இந்தா ஒம் புருசன், அழுன்னா எனக்கு எப்பிடிக்கா அழுவ வரும்? அது வைக்கோலு. அவரு இல்ல."

"ஊரு வழக்கம்மா அது," ன்னு நான் வாய வச்சேன்.

"தெரியும்ண்ணே. வழக்கத்தக்கூட பொறுத்துக்குவேன். யாரு கையால நடக்குதுங்கறதத்தான் பொறுக்க முடியல. விட்டுட்டு வந்த கையி கொள்ளி வைக்கணுமா? அது எந்த ஊரு ஞாயம்?" அவ கொரலு ஒடையவே இல்ல. "நான் ஒண்ணும் பெருசாக் கேக்கல. கடைசியா அவரு என்னா சொன்னாரு? கூப்புட்டாரா? எம் பேரச் சொன்னாரா? அதச் சொல்ல என்னா? இந்த மனுசன் கல்லாட்டம் நிக்கிறாரு. சொல்ல முடியாத மாதிரி என்னமோ செஞ்சிருக்காரு, அதான் வாய் வரல. நானா இருந்தா படகத் திருப்பிருக்க மாட்டேன். செத்தா அவரோடயே செத்திருப்பேன்."

கொளஞ்சி முந்தானையில மூக்கத் தொடச்சுக்கினு சொன்னா, "சாயங்கால பஸ்ஸுக்கு அம்மா வூட்டுக்குப் போறாளாம்ண்ணே. போனா திரும்ப மாட்டா. எனக்குத் தெரியும்."

பாதி ரொட்டிய அப்பிடியே வச்சுட்டு எழுந்தேன். காரியம் நடக்காமயே இவ கெளம்பிப் போயிட்டா அந்தப் படகு மணல்லயே மக்கணும். அந்த அண்ணங்காரன் எந்தப் பனைமரத்துல தொங்குவானோன்னு எனக்குப் பயம் புடிச்சுக்கிச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் பாக்கி ஐஸ் பொட்டியெல்லாம் எடுத்துக்கினு போவலாம்னு மறுபடி வந்தேன். பாத்தா கடக்கரையில கூட்டம். நாடகமாம். காலாப்பட்டுப் பக்கத்துலேருந்து பசங்க பொண்ணுங்களா ஒரு கும்பல், கறுப்பு பேண்ட், காவி பனியன், கழுத்துல ஒரு தப்பு மேளம். கடலுக்குப் போறவங்க லைஃப் ஜாக்கெட் போடணும்னு சொல்ல வந்திருக்காங்க. பஞ்சாயத்துல யாரோ சரின்னு சொல்லிருக்கான். குப்பத்துல என்னா நடந்துச்சுன்னு அந்தப் பசங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னானா? சொல்லல. எழவு நடந்த எடத்துல வந்து முங்குறாப்புல நடிக்கப் போறாங்க, அதக்கூடச் சொல்லி வைக்கலன்னா என்னா பஞ்சாயத்து அது! எனக்கு வந்த கோவத்துக்கு வண்டிய எடுத்துக்கினு போயிருக்கணும். காலு நவுரல.

தலைவியாட்டம் இருந்த பொண்ணு பேரு சிந்துஜா. அவங்கப்பா மில்லுல வேலை பாத்தவரு, மில்லு மூடுனப்புறம் ஆட்டோ ஓட்டறாருன்னு அதுவே சொல்லிக்கிச்சு. மணல்ல ஒரு நைலான் கயித்தப் போட்டு, படகு மாதிரி வளைச்சுது. ரெண்டு பொண்ணுங்க நீட்டமா ஒரு நீலத் துணியப் புடிச்சுக்கினு நின்னாங்க. அதான் கடலாம்.

"ஏம்மா, பக்கத்துலயே நெஜப் படகு நிக்கிது. அதுல ஏறி நடியேன்," ன்னு அம்மாவாசை கத்துனாரு. கடலுக்குப் போறத நிறுத்தியாச்சு, வாய மட்டும் நிறுத்தாத மனுசன் அவரு.

"நெஜப் படகுல ஏறுனா நீங்க படகப் பாப்பீங்க பெரியப்பா. எங்களப் பாக்க மாட்டீங்க," ன்னுது அந்தப் பொண்ணு. கூட்டத்துக்குச் சிரிப்பு. "இந்த நாடகத்துல ஒரே ஒரு சட்டம். தப்பா நடக்குதுன்னு யாருக்குத் தோணுனாலும் கையத் தட்டி நிறுத்தலாம். ஆனா நிறுத்துனவங்க வந்து நடிக்கணும். சும்மா ஒக்காந்து சொல்லக் கூடாது."

ஆரம்பிச்சாங்க. ஒரு பையன் கட்டை ஒண்ணப் புடிச்சுக்கினு இஞ்சின் ஓட்டுறான். ஐயோ, அந்தக் கூத்த என்னான்னு சொல்றது! படகு மேற்க போவுது, இவன் கெழக்க பாத்துக்கினு ஒக்காந்திருக்கான். ஒருத்தி வலைய வேட்டி காயப் போடுறாப்புல ஒதறுறா. குப்பமே வயித்தப் புடிச்சுக்கினு சிரிக்குது. அம்மாவாசைக்குத் தாங்கல, கையத் தட்டிட்டாரு.

"டேய், நீ மாடு ஓட்டுறியா படகு ஓட்டுறியா?"

"வாங்க பெரியப்பா. நிறுத்துனவங்க வந்து நடிக்கணும்."

புடிச்சுத் தள்ளி உள்ள வுட்டாங்க. அம்மாவாசை கட்டையக் கையில வாங்குனாரு. அம்மாம் பெரிய வாய்க்காரன், வெறும் மணல்ல போட்ட கயித்துக்குள்ள நின்னதும் நாக்கு ஒட்டிக்கிச்சு. அப்பறம் மெதுவா ஒக்காந்தாரு, ஒடம்ப லேசா சாச்சாரு, கழுத்த நீட்டி அலையப் பாத்தாரு. அவ்ளோதான், அது படகாயிடுச்சு. எனக்கே காலுக்கடியில ஆடுறாப்புல இருந்துச்சு. கூட்டம் சிரிப்ப வுட்டுட்டு வாயப் பொளந்து பாத்துச்சு.

அந்தாளு எழுந்து வந்தப்புறம் பழைய பையன் மறுபடி இஞ்சின்ல ஒக்காந்தான். முன்தலையில தமிழ்மாறன்னு ஒரு பையன். தப்பு வேகமா அடிச்சுது, நீலத் துணி எழும்புச்சு, தமிழ்மாறன் கயித்தத் தாண்டி வெளிய விழுந்தான்.

"காப்பாத்துங்க! ஐயோ காப்பாத்துங்க!"

ஒருத்தரும் நாடகத்தப் பாக்கல. எல்லார் கண்ணும் ஒரு பக்கமாத் திரும்புச்சு. நெஜப் படகு நெழலுல, கடலுக்கு முதுகக் காட்டிக்கினு ஒக்காந்திருந்தான் அருள்முருகன்.

கொளஞ்சி எழுந்துட்டா. "நிறுத்துங்கடி! எங்க வந்து என்னாத்த ஆடுறீங்க..."

அதுக்குள்ள ஒரு கைதட்டுற சத்தம். ஒரே ஒரு தடவ. அருள்முருகன் எழுந்து நின்னான்.

"அப்பிடிக் கத்த மாட்டான்," ன்னான்.

ஆளுங்க பதறுனாங்க. "வுடும்மா, அந்தாளக் கூப்புடாத," ன்னு ஒருத்தன் சொன்னான். சிந்துஜாவுக்கு ஒண்ணும் புரியல, ஆனா என்னமோ பெருசுன்னு மட்டும் மூஞ்சியில தெரிஞ்சுது. அது கூப்புடவே இல்ல, அவனே வந்தான். தமிழ்மாறன் தோளத் தொட்டு எழுப்பி அனுப்பிட்டு, நீலத் துணி நடுவுல முட்டி போட்டு ஒக்காந்தான். துணி அவன் கழுத்து வரைக்கும் வந்துச்சு.

கத்தல அவன். ரெண்டு கையாலயும் தண்ணிய மெதுவா அழுத்துனான். ஒரு கால இழுத்துப் பாத்தான், வரல. இன்னொரு தடவ இழுத்தான். அப்பறம் படகப் பாத்து, "அண்ணே," ன்னான். வூட்டுல கூப்புடுறாப்புல, சாதாரணமா.

அந்தக் கொரலு அருள்முருகன் கொரலு இல்ல. சாமி சத்தியமாச் சொல்றேன், பலராமன் கொரலு. என்னைய எத்தன தடவ "ஐஸண்ணே" ன்னு கூப்புட்ட கொரலு. எனக்கு ஒடம்பு பூரா சிலுத்துக்கிச்சு. பக்கத்துல இருந்த பொம்பளைங்க வாய்ல முந்தானைய அடைச்சுக்கினாங்க.

இஞ்சின் பையன் கயித்த வீசுனான். எட்டல. இன்னொரு தடவ வீசுனான். படகுல இருந்த ரெண்டு பேரு கையால தண்ணிய மொண்டு ஊத்துறாங்க. பையனுக்கு அடுத்து என்னா செய்யறதுன்னு தெரியல. தடுமாறி நிமிந்து பாத்தான்.

அப்பத்தான் ரெண்டாவது கைதட்டு. கூட்டத்துக்குப் பின்னால, தோளுல பையோட, பஸ்ஸுக்குப் போற வழியில நின்னுக்கினு இருந்தா சுமலதா.

பையக் கீழ வச்சா. கூட்டத்தப் பொளந்துக்கினு வந்தா. "எழுந்திரு தம்பி," ன்னு அந்தப் பையன்கிட்ட கட்டைய வாங்கிக்கினா. பின்னால ஒக்காந்தா. "எல்லாரும் பாத்துக்குங்க. நான் திருப்ப மாட்டேன்."

சிந்துஜா தப்ப மெதுவா அடிக்க ஆரம்பிச்சுது.

"புடிங்க மச்சான், வரேன்," ன்னா சுமலதா. பலராமன அவ அப்பிடித்தான் கூப்புடுவா. கட்டைய அவன் பக்கம் வெட்டுனா. நீலத் துணி எழுந்து படகு மேல அடிச்சுது.

"அலைக்குப் பக்கவாட்டக் குடுக்காத பொண்ணே, கவுந்துபோவும்!" அம்மாவாசை கத்துறாரு. அது நாடகம்னு அவருக்கு மறந்தே போச்சு. எனக்கும்தான்.

"வரேன், வரேன், கையக் குடுங்க!"

"அக்கா, தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு," ன்னு படகுல இருந்த பொண்ணு சொல்லுச்சு.

"மொண்டு ஊத்து!"

"முடியலக்கா. எனக்கு நீச்சல் வராதுக்கா." நெஜமாவே அழுவுது அந்தப் பொண்ணு. சுமலதா இடுப்பக் கட்டிக்கிச்சு. இன்னொரு பையன் குப்புறப் படுத்துட்டான், கண்ண மூடிக்கினு. அலை மறுபடி வந்துச்சு. கண்ணையன், ரெண்டு மவனையும் உயிரோட வாங்கிக்கின மனுசன், கூட்டத்துலேருந்து எழுந்து நின்னு, "திருப்பும்மா! பசங்க செத்துடும்!" ன்னாரு. சொன்ன ஒடனே வாயப் பொத்திக்கினாரு.

சுமலதா திருப்பல. பல்லக் கடிச்சுக்கினு கட்டையப் புடிச்சிருந்தா. ஒரு கண்ணு தண்ணியில இருக்கறவன்மேல, ஒரு கண்ணு இடுப்பக் கட்டிக்கின பொண்ணுமேல. நெத்தி நரம்பு பொடைச்சுக்கிச்சு. ஒரு மனுசி ரெண்டாப் பொளந்து நிக்கிறத நான் அன்னிக்குத்தான் பாத்தேன்.

அப்ப அருள்முருகன் தண்ணிய அழுத்துறத நிறுத்துனான். வலது கையத் தூக்குனான். கூப்புடுற கை இல்ல. உள்ளங்கையக் கரைப் பக்கமாத் தள்ளுனான். ஒரு தடவ. இன்னொரு தடவ. முன்தலையில நின்னு பலராமன் காட்டுற அதே சாடை. குப்பத்துல அத்தன பேருக்கும் அந்தக் கையத் தெரியும்.

"என்னா சொல்றீங்க மச்சான்?" ன்னா சுமலதா.

"போ," ன்னான். "பசங்களக் கூட்டிக்கினு போ. என்னையப் பாத்துக்கினு நிக்காத. போ."

கை தள்ளிக்கினே இருந்துச்சு.

சுமலதா அந்தக் கையவே பாத்தா. எவ்ளோ நேரம்னு எனக்குத் தெரியாது. அப்பறம் அவ ஒடம்பு மெல்ல சாஞ்சுது. கட்டைய அந்தாண்ட வெட்டுனா. படகு திரும்பிடுச்சு. மணல்ல போட்ட கயிறு ஒரு அங்குலம் நவுரல, ஆனா திரும்பறத நாங்க எல்லாரும் பாத்தோம்.

தப்பு நின்னுபோச்சு. துணியப் புடிச்சிருந்த பொண்ணுங்க அப்பிடியே மணல்ல ஒக்காந்துட்டாங்க. ஒருத்தரும் கைதட்டல. கோயில்ல கற்பூரம் காட்டுறப்ப நிப்பாங்களே, அப்பிடி நின்னுச்சு குப்பம். பஞ்சாயத்து பேசிப் பாத்துச்சு, போலீஸ் எழுதிக்கினு போச்சு, சொந்தபந்தம் காலுல விழுந்துச்சு. ஒருத்தராலயும் முடியாதது ஒரு கயித்துக்கும் ஒரு நீலத் துணிக்கும் நடுவுல நடந்துபோச்சு. இது என்னா விதமான சக்தின்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா மனுசங்க வாழற ஊருல இது இருந்தே ஆவணும்னு மட்டும் அன்னிக்குப் புரிஞ்சுது. இல்லன்னா சில பேச்சு எங்க போயித்தான் பேசறது?

சுமலதா கட்டைய வுடல. அப்பிடியே ஒக்காந்த எடத்துலேருந்து அருள்முருகனக் கேட்டா. "மாமா, அவரு நெஜமாவே அப்பிடிச் சொன்னாரா?"

அருள்முருகன் துணிக்குள்ளயே இருந்தான். "சொன்னான்."

"கையக் காட்டுனாரா?"

"காட்டுனான். நான் திருப்புனப்புறமும் காட்டிக்கினே இருந்தான். திரும்பிப் பாத்தேன்."

"இத ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

"எப்பிடிம்மா சொல்லுவேன்? அவனே போவச் சொன்னான்னு என் வாயாலயே சொன்னா, தப்பிச்சுக்கறதுக்கு சொல்றாப்புல இருக்காதா? செத்தவன் வந்து ஆமான்னு சொல்லுவானா?" மூஞ்சியப் பொத்திக்கினான். "அவன் சொன்னான், சரி. திருப்புனது என் கைதான?"

அப்பத்தான் சுமலதாவுக்கு அழுகை வந்துச்சு. கார்த்திகையிலேருந்து அடைச்சுக்கினு இருந்தது. நெஞ்சப் புடிச்சுக்கினு, "மச்சான், மச்சான்" ன்னு மண்ணுல அடிச்சு அழுதா. கொளஞ்சி ஓடிப்போய்க் கட்டிக்கினா. குப்பத்துப் பொம்பளைங்க அத்தன பேரும் சுத்தி ஒக்காந்து மாரடிச்சாங்க. பக்கத்துல நாடகக்காரப் பொண்ணு சிந்துஜா, தப்ப மடியில வச்சுக்கினு, யாரோ ஒரு பொம்பள தோளுல சாஞ்சு அழுவுது. நானும் அழுதேன், எனக்கென்னா வெக்கம்.

இருட்ட ஆரம்பிச்சப்ப சுமலதா எழுந்தா. முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கினு அருள்முருகன் முன்னால போயி நின்னா. அவன் தலையத் தூக்கல.

"நாளைக்கே காரியத்த வச்சிருங்க மாமா. நீங்கதான் செய்யணும்."

"இந்தக் கையாலயா?" ன்னான் அவன்.

சுமலதா குனிஞ்சு அந்தக் கையப் புடிச்சா.

"நானும் திருப்பிட்டேன், மாமா."